துறைமுகம் இல்லாத க்ரோமர்

இங்கிலாந்தின் கிழக்கே கடலுக்குள் புடைத்துக்கொண்டிருக்கும் நிலப்பகுதி நார்ஃபோக். அதன் வடக்கு விளிம்பில், நாரிச் நகரிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய சிற்றூர் க்ரோமர். மக்கள் தொகை ஏழாயிரத்துச் சொச்சம். இந்த ஊரைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இங்கே துறைமுகம் கிடையாது என்பதுதான். ஆற்று முகத்துவாரம் இல்லை, படகு ஒதுங்க ஒரு வளைகுடா இல்லை. மேலே மண் மேடு, கீழே மணலும் கூழாங்கல்லும் கலந்த கரை, அப்புறம் நேராக வட கடல். படகை மணலிலிருந்து இறக்கி, மணலிலேயே ஏற்ற வேண்டும். இன்றைக்கு அதற்கு டிராக்டர் இருக்கிறது. அதற்கு முன்பு ஊர்ச்சனம்தான் தோள் கொடுத்தது. காற்று மாறிவிட்டால் தனியாக ஒருவர் படகைக் கரைசேர்க்க முடியாது; கரையில் நான்கு பேர் நிற்க வேண்டும். க்ரோமரின் திருவிழாக்கள், நாடக மேடை, உயிர்காப்புப் படகு என்று எதை எடுத்தாலும் அடியில் இந்தப் பழக்கம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

கடல் இந்த ஊரிடமிருந்து எடுத்துக்கொண்டது நிறைய. இன்றைய கரைக்கு அப்பால் ஷிப்டன் என்றொரு ஊர் இருந்தது. 14ஆம் நூற்றாண்டில் கடல் அதை விழுங்கிவிட்டது. அதன் தேவாலயத்தின் இடிபாடு நீருக்கடியில் பல நூற்றாண்டுகள் கிடந்தது. 1888இல் யார்மவுத்திலிருந்து உல்லாசப் பயணிகளை ஏற்றிவந்த 'விக்டோரியா' என்ற நீராவிப் படகு அதில் மோதிச் சிக்கிக்கொண்டது. பயணிகள் பிழைத்தார்கள். ஐந்நூறு வருடங்களுக்கு முன் மூழ்கிய தேவாலயத்தில் மோதிய படகு உலகத்தில் வேறு உண்டா என்று தெரியவில்லை. அந்த இடிபாட்டைப் பிறகு வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள்.

ஷிப்டனுக்குப் பின்னால் உள்நாட்டில் இருந்த க்ரோமர் இப்போது கடலோர ஊராகிவிட்டது. நடுவில் புனித பேதுரு, பவுல் தேவாலயம். அதன் கோபுரம் 160 அடி, நார்ஃபோக்கின் ஊர்த் தேவாலயங்களில் இதுவே உயரமானது. ஒரு காலத்தில் மீனவர்களுக்குக் கரையைக் காட்டியது. இப்போது பொரி வல்லூறுகள் அதில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. குஞ்சு பொரிக்கும் பருவத்தில் தொலைநோக்கியோடு தன்னார்வலர்கள் தேவாலய முற்றத்தில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் கூட்டைக் காட்டுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்க்கிறார்கள்.

கடற்குளியலுக்குப் பெயர்பெற்ற இடமாக ஜேன் ஆஸ்டினின் 'எம்மா' நாவலிலேயே க்ரோமர் வந்துவிடுகிறது. ஆனால் ஊர் பெருத்தது 1877இல் ரயில் வந்த பிறகுதான். 1883இல் லண்டன் பத்திரிகையாளர் கிளெமென்ட் ஸ்காட் இந்தக் கரையின் பாப்பிப் பூ வயல்களைப் பற்றி எழுதிவைக்க, கூட்டம் கூட்டமாக ஆட்கள் வரத் தொடங்கினார்கள். 1890களில் கட்டடக் கலைஞர் ஜார்ஜ் ஸ்கிப்பர் வடிவமைத்த ஹோட்டல் டி பாரீஸ் இன்றும் மேட்டின் மேல் சிவந்த கோபுரங்களோடு நிற்கிறது. இந்தச் சுற்றுலா வரலாறு இங்கிலாந்தின் பல கடற்கரை ஊர்களுக்கும் பொதுவானது. க்ரோமருக்கே உரியது நண்டு.

பழுப்பு நண்டு பிரிட்டன் கடல் முழுவதும் கிடைக்கும். ஆனால் க்ரோமர் நண்டு சிறியது, சதை இனிப்பானது என்று பெயர். கரைக்குப் பக்கத்திலேயே ஆழம் குறைந்த நீரில் இருபது மைலுக்கு மேல் நீளும் சுண்ணாம்புப் பாறைப் படுகை ஒன்று இருக்கிறது. அதன் வெடிப்புகளிலும் குகைகளிலும்தான் நண்டுகள் மெதுவாக வளர்கின்றன. ஓடு 115 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் பிடிக்கலாம் என்பது இந்தப் பகுதியின் சட்டம். நாட்டின் பல இடங்களில் அளவு இதைவிடப் பெரியது. வசந்தம் பிறந்ததும் படகுகள் இறங்கும். ஒரே கயிற்றில் வரிசையாகக் கட்டிய நண்டுக்கூடுகளில் இரை வைத்துக் கடலில் போட்டு, கொடி கட்டிய மிதவையால் அடையாளம் வைத்துவிட்டு வருவார்கள். மறுநாளோ அதற்கு மறுநாளோ தூக்குவார்கள். பிடித்ததைப் பெரும்பாலும் குடும்பமே வேகவைத்து, ஓட்டைத் திறந்து, வெள்ளைச் சதையையும் பழுப்புச் சதையையும் தனித்தனியாக எடுத்து, திரும்ப அந்த ஓட்டுக்குள்ளேயே நிரப்பி விற்கும். வீட்டு வாசலில் பலகை வைத்து விற்கிறவர்களும் உண்டு. எலுமிச்சையும் மிளகும் ரொட்டியும் இருந்தால் அதற்குமேல் ஒன்றும் வேண்டாம்.

பிள்ளைகளுக்கும் நண்டோடு தனி உறவு. கோடை முழுக்கக் கடற்பாலத்தின் கைப்பிடிக் கம்பிகளில் நூல்கள் தொங்கிக்கொண்டிருக்கும். தூண்டில் முள் கிடையாது. சின்ன வலைப்பையில் பன்றி இறைச்சித் துண்டைக் கட்டி இறக்குவார்கள். பேராசைப்பட்ட கரைநண்டு அதைப் பிடித்துக்கொண்டே மேலே வந்துவிடும். வாளியில் போட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, திரும்பக் கடலில் விட்டுவிட வேண்டும். பக்கத்தில் நிற்கிற, முன்பின் அறியாத தாத்தா ஒருவர் கயிற்றை எப்படி மெதுவாக இழுப்பது என்று சொல்லிக்கொடுப்பார். ஊரும் வெளியூரும் கலந்து நிற்க இதைவிடச் சுலபமான இடம் இல்லை.

இதே நண்டு பிடிக்கிறவர்களில் ஒருவர்தான் ஹென்றி பிளாக். பிரிட்டனின் உயிர்காப்புப் படகு வரலாற்றில் அதிகப் பதக்கம் பெற்றவர் அவர். 1876இல் பிறந்து, 18 வயதில் படகுக் குழுவில் சேர்ந்து, 1909இல் அதன் தலைவரானார். 1947இல், 71 வயதில்தான் விலகினார். 53 ஆண்டுச் சேவை, 387 முறை கடலில் இறக்கம், 873 உயிர்கள். மூன்று தங்கப் பதக்கம், நான்கு வெள்ளிப் பதக்கம், ஜார்ஜ் கிராஸ். அவருக்கு நீச்சல் தெரியாது. மற்ற நாட்களில் நண்டு பிடித்தார், கோடையில் கடற்கரைக்கு வருகிறவர்களுக்கு நாற்காலி வாடகைக்கு விட்டார். தன் சாகசங்களைப் பற்றி வாய் திறக்காதவர் என்று பெயர்.

1917 ஜனவரி 9ஆம் தேதியைப் பற்றிச் சொல்லாமல் க்ரோமரைப் பற்றிச் சொல்ல முடியாது. முதல் உலகப் போர்க்காலம். இளைஞர்கள் எல்லாம் போர்முனையில். படகில் மிஞ்சியவர்களின் சராசரி வயது ஐம்பதுக்கு மேல். எஞ்சின் இல்லாத துடுப்புப் படகு, பெயர் 'லூயிசா ஹார்ட்வெல்'. வடகிழக்குப் புயலில் 'பைரின்' என்ற கிரேக்கக் கப்பல் தவிப்பது தெரிந்தது. கழுத்தளவு நீரில் இறங்கி ஊரார் படகைத் தள்ளிவிட்டார்கள். பல மணி நேரப் போராட்டத்துக்குப் பிறகு 16 பேரைக் கரைசேர்த்தார்கள். உடம்பு ஓய்ந்து உட்கார்ந்த நேரத்தில் 'ஃபெர்னெபோ' என்ற ஸ்வீடன் கப்பலில் வெடிப்பு. கண்ணிவெடி பட்டு இரண்டாகப் பிளந்துவிட்டது. அதே கிழவர்கள் திரும்ப இறங்கினார்கள். அலை துடுப்புகளை முறித்துப் படகைக் கரைக்கே தூக்கி எறிந்தது. கப்பலிலிருந்து சிறு படகில் தப்பப் பார்த்த ஆறு பேர் கவிழ்ந்தபோது, கரையில் நின்றவர்கள் கைகோத்துச் சங்கிலியாக அலைக்குள் இறங்கி அவர்களை இழுத்துப்போட்டார்கள். இரவில், தேடுவிளக்கு வெளிச்சத்தில், மாற்றுத் துடுப்புகளோடு உயிர்காப்புப் படகு மறுபடி போனது. மிச்சமிருந்த 11 பேரும் பிழைத்தார்கள். பிளாக்கின் முதல் தங்கப் பதக்கம் அதற்காகத்தான். ஆனால் அன்றைக்கு வென்றது ஒரு மனிதர் மட்டும் இல்லை. தள்ளியவர்கள், கைகோத்தவர்கள், வீட்டைத் திறந்துவிட்டுக் கம்பளியும் சூடான பானமும் கொடுத்தவர்கள் எல்லாரும்தான்.

1941 ஆகஸ்டில், இரண்டாம் உலகப் போரில், ஹேஸ்பரோ மணல்திட்டில் ஆறு சரக்குக் கப்பல்கள் ஏறிச் சிக்கியபோது, பிளாக்கின் 'எச்.எஃப்.பெய்லி' படகு மட்டும் 88 பேரை மீட்டது. அந்தப் படகைக் கடற்கரையிலுள்ள அவர் பெயரிலான அருங்காட்சியகத்தில் தொட்டுவிடும் தூரத்தில் பார்க்கலாம். கட்டணம் இல்லை. அத்தனை பேரை ஏற்றிய படகு இவ்வளவு சிறியதா என்ற திகைப்புதான் அங்கே முதலில் வரும். மேட்டின் மேல் அவருடைய மார்பளவுச் சிலை கடலைப் பார்த்து நிற்கிறது. அவருக்குப் பிறகு படகுத் தலைவரானவர் அவருடைய உறவினர் ஹென்றி 'ஷ்ரிம்ப்' டேவிஸ். 1976 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

உயிர்காப்புப் படகை நடத்துவது அரசாங்கம் இல்லை என்பதை நம் வாசகர்கள் கவனிக்க வேண்டும். 1824இல் தொடங்கிய ஆர்.என்.எல்.ஐ. என்ற தொண்டு நிறுவனம், மக்கள் தரும் பணத்தில் நடத்துகிறது. க்ரோமர் அதற்கும் முன்னோடி. 1800களின் தொடக்கத்திலேயே ஊரார் சந்தா வசூலித்துப் படகு வாங்கிவிட்டார்கள். குழுவில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். இடுப்பில் செருகிய பேஜர் ஒலித்தால், செய்துகொண்டிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கடற்பாலத்தின் கடைசி வரை ஓட வேண்டும். ஏனென்றால் படகின் வீடு இருப்பது அங்கேதான்.

1901இல் திறந்த அந்தக் கடற்பாலம் 151 மீட்டர் நீளம். அதற்கு முன்பிருந்த மர மேடையை 1897இல் ஒரு நிலக்கரிப் படகு மோதி நொறுக்கிவிட்டது. இதையும் கடல் விட்டுவைக்கவில்லை. 1953 ஜனவரி வெள்ளத்தில் நாடக அரங்கம் சிதைந்தது; 1993 நவம்பரில் அறுத்துக்கொண்டு மிதந்துவந்த துளையிடும் மேடை ஒன்று பாலத்தையே இரண்டாகத் துண்டித்தது; 2013 டிசம்பரில் கடல் பொங்கிப் பலகைகளைப் பெயர்த்தது. ஒவ்வொரு முறையும் திருத்திக் கட்டினார்கள். போர்க்காலத்தில் எதிரி இறங்கிவிடக் கூடாது என்று ராணுவமே நடுப்பகுதியை உடைத்துப்போட்டது. அப்புறம்தான் உயிர்காப்புப் படகுக்கு ஆட்கள் எப்படிப் போவார்கள் என்ற கேள்வி எழுந்து, இடைவெளியில் பலகை போட்டுக்கொடுத்தார்கள்.

கடற்பாலத்தின் நுனியில் படகுக்கு முன்னால் பெவிலியன் தியேட்டர். ஏறக்குறைய ஐந்நூறு பேர் உட்காரலாம். பாட்டு, ஆட்டம், மாயாஜாலம், நகைச்சுவை எல்லாம் கலந்த மேடைக் கதம்பம் ஒரு காலத்தில் இங்கிலாந்தின் கடற்பாலங்கள் பலவற்றிலும் கோடை முழுக்க நடந்தது. டெலிவிஷனும் மலிவான வெளிநாட்டு விமானப் பயணமும் வந்து, ஒவ்வொன்றாக அணைந்தது. முழுப் பருவமும் நடக்கும் அந்தப் பழைய பாணிக் காட்சி இன்னும் உயிரோடு இருப்பது க்ரோமரில்தான் என்று ஊரார் பெருமையாகச் சொல்வார்கள். கோடையில் ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று. ஓரிடத்தில் நகைச்சுவை, அடுத்த சுவரில் மீட்புப் படகு. இந்த அண்டைவாசம் வேறெங்கும் கிடைக்காது. பிரிட்டனின் கடற்பாலச் சங்கம் 2000, 2015, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளில் இந்தப் பாலத்தை ஆண்டின் சிறந்த கடற்பாலமாகத் தேர்ந்தெடுத்தது.

ஊரின் ஆண்டு மே மாதத்து நண்டு, சிங்கி இறால் திருவிழாவில் சூடுபிடிக்கும். பக்கத்து ஊரான ஷெரிங்கமோடு சேர்ந்து 2010இல் தொடங்கியது. சமையல் காட்டுவார்கள், பாட்டு இருக்கும், நண்டு பிடிக்கும் போட்டி இருக்கும். சேரும் பணம் உள்ளூர்த் தொண்டு அமைப்புகளுக்குப் போகும். ஆகஸ்டில் ஒரு வாரம் கார்னிவல். அலங்கரித்த வண்டிகளின் ஊர்வலம், கார்னிவல் ராணி, பிள்ளைகளின் மாறுவேடம், வாணவேடிக்கை என்று தெருவெல்லாம் ஆளாக இருக்கும். நடத்துகிறவர்கள் உள்ளூர் தன்னார்வலர்கள். கூட்டம் சேருவதில் பெரிய ஆச்சரியம் இல்லை. வெளியூர்க்காரர் எல்லாம் போய்விட்ட பிறகு நடப்பதுதான் எனக்குப் பிடித்தது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், எலும்பை உறைய வைக்கும் குளிரில், நூற்றுக்கணக்கானோர் வேடம் போட்டுக்கொண்டு கடலில் குதிப்பார்கள். அதற்கும் தொண்டுக்கென்று பணம் திரட்டுவார்கள். புத்தாண்டு நாளின் மாலையில் கடற்பாலத்திலிருந்து வாணவேடிக்கை. நள்ளிரவில் இல்லாமல் மாலையில் வைப்பதால் குழந்தைகளும் முதியவர்களும் பார்க்கலாம். இது மிக நல்ல யோசனை.

முதியவர்கள் என்று சொன்னேன். க்ரோமர் இருக்கும் வட நார்ஃபோக் வட்டாரத்தில் 2021 கணக்கெடுப்பின்படி 33 சதவீதம் பேர் 65 வயதைக் கடந்தவர்கள். இங்கிலாந்தில் இதுவே அதிகம். ஓய்வு பெற்றவர்கள் கடலைத் தேடி வந்து குடியேறுகிறார்கள், இளைஞர்கள் வேலை தேடி வெளியே போகிறார்கள். விடுமுறைக்கு மட்டும் திறக்கும் வீடுகள் பெருகினால், உள்ளூரில் பிறந்தவர்களுக்கு வாடகைக்குக்கூட இடம் கிடைக்காது. பேஜர் ஒலித்து நிமிடங்களில் ஓடிவர வேண்டுமென்றால், ஓடிவருகிறவர் ஊருக்குள் குடியிருக்க வேண்டும் அல்லவா?

நண்டு பிடிக்கிறவர்களுக்கு இன்னொரு கவலை. அவர்களுக்குச் சோறு போடும் சுண்ணாம்புப் பாறைப் படுகை 2016இல் கடல் பாதுகாப்பு மண்டலமானது. கூடுகளும் கயிறுகளும் மென்மையான பாறையை உடைக்கின்றன என்று இயற்கைப் பாதுகாப்புத் துறை எச்சரித்ததும், தடை வந்துவிடுமோ என்று மீனவர்கள் பதறினார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. உடைந்த சுண்ணாம்புப் பாறை திரும்ப வளராது. சிறு படகில் கூடு போடுவது, கடலடியை வாரிச் செல்லும் இழுவலையோடு ஒப்பிடக்கூடியதும் இல்லை. கூடுகளைத் தொலைத்துவிடாமல் இருப்பது, கயிறு பாறையில் உரசாமல் கட்டுவது, எந்த இடத்தில் எவ்வளவு போடலாம் என்று வகுப்பது பற்றியெல்லாம் மீனவர்களும் ஆய்வாளர்களும் முக்குளிப்பவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசிவருகிறார்கள். மீனவர்களை வெளியே நிறுத்திவிட்டு எடுக்கும் எந்த முடிவும் அந்தப் பாறையைக் காக்காது என்றே நான் நினைக்கிறேன். அதன் ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் தலைமுறை தலைமுறையாகக் கயிற்றைத் தூக்கியே அறிந்தவர்கள் அவர்கள்.

போக நினைப்பவர்கள் ஜூனில் போகலாம். கரை வடக்குப் பார்த்தது என்பதால், நீண்ட பகல் கொண்ட அந்த வாரங்களில் சூரியன் கடலிலேயே உதித்துக் கடலிலேயே மறையும். காலையில் படகுகள் இறங்குவதைப் பார்த்துவிட்டு, மதியம் நண்டு சாப்பிட்டுவிட்டு, பெவிலியனில் ஒரு காட்சிக்குச் சீட்டு எடுங்கள். நாரிச்சுக்குப் போகும் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.