வானம் பொய்த்தாலும் வரும் நீர்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டை அடைந்து, அங்கிருந்து காபித் தோட்டங்களின் ஊடே வாழவந்திக்குச் செல்பவருக்குத் தண்ணீர்ப் பஞ்சம் என்ற பேச்சே நம்பும்படியாக இருக்காது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருக்கும். அந்த நிழலில் காபிச் செடிகள் தழைத்திருக்கும். ஆனால் சேர்வராயன் மலை சார்னோக்கைட் என்னும் கடும்பாறை. பெய்த மழையில் பெரும்பகுதி வாணியாறாகவும் சரபங்காவாகவும் திருமணிமுத்தாறாகவும் கீழே இறங்கிவிடும். மேல்மண்ணும் பாறை வெடிப்புகளும் பிடித்துவைப்பதுதான் மலைக்கு மிச்சம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் அந்த மிச்சத்தில்தான் காலம் தள்ள வேண்டும். காபிப் பழத்தைப் பறித்து, பல்ப்பரில் தோலுரித்து, கொட்டையின் வழவழப்பு போக அலசுவது ஏறக்குறைய அந்த மாதங்களில்தான். அது முடிந்ததும் கோடைச் சுற்றுலாக் கூட்டம் வந்துவிடுகிறது. முல்லையும் குறிஞ்சியும் வறண்டால் பாலையாகும் என்பது நம் திணை மரபு. ஆண்டுக் கணக்கில் வளமான இந்த மலையும் சில மாதங்களுக்குப் பாலைதான்.

ஆகவே பாலைநில நகரங்களின் பாடம் இங்கும் பொருந்தும். நமீபியாவின் விண்ட்ஹோக் நகரம் 1968-லேயே கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிநீரோடு சேர்க்கத் தொடங்கிவிட்டது. ஏரிகள் வற்றிய 2019-ல் சென்னை கொடுங்கையூரில் திறக்கப்பட்ட நிலையம், நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் நீரை மீட்டு ஆலைகளுக்குத் தரும் திறன் கொண்டது. மழை பொய்க்கலாம், மனிதர் வாழும் இடத்தில் கழிவுநீர் பொய்க்காது. தடுப்பணை போதாதா என்று கேட்கலாம். தடுப்பணை அவசியமே, ஆனால் அதுவும் வானத்தை நம்பித்தான் இருக்கிறது.

அருவருப்பாக இருக்காதா என்பது அடுத்த கேள்வி. இங்கே யாரும் அதைக் குடிக்க வேண்டியதில்லை. பல்ப்பரிலிருந்து வரும் நீரை வடிகட்டி மறுபடி பல்ப்பருக்கே விடலாம். அப்படியே ஓடையில் விட்டால் அது புளித்து நாறி, ஓடையின் உயிர்வளியைத் தின்றுவிடும். குளியல், சமையலறை நீரைக் கூழாங்கல்லும் மணலும் நிரப்பிக் கல்வாழை நட்ட பாத்தி வழியாக விட்டால், விடுதித் தோட்டத்துக்கு ஆகும். சிற்றூர் செலவு தாங்குமா என்றால், பெருநகர நிலையத்தை இங்கே யாரும் கேட்கவில்லை; சரிவே நீரை இறக்கிக் கொடுக்கும், பெரும்பாலும் மோட்டாரே வேண்டாம். தோட்டத்துக்கும் பல்ப்பருக்கும் இந்த நீரே போதுமென்றால், சுனை நீர் குடத்துக்கு மிஞ்சும். கோடையில் வாழவந்திக்கு வேண்டியது அதுதான்.