கை நடுங்கவில்லையே?

பார்க்கின்சன் என்று சொன்னதும் எல்லாரும் முதலில் பார்ப்பது என் கையைத்தான். “கை நடுங்கலையே சார், அப்புறம் எப்படி?” என்பார்கள். அக்கறையோடு கேட்கிற கேள்விதான். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் முகமது அலி நடுங்கும் கையோடு தீபம் ஏற்றியதைப் பார்த்த தலைமுறை நாங்கள். ஆனால் நோய் தொடங்கும்போது ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு நடுக்கமே இருக்காது. நான் அந்த வகை. எனக்கு விறைப்பும் மந்தமும்தான்.

பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த கை இது. கடைசி வரிசைக்கும் தெரிகிற மாதிரி கரும்பலகையில் எழுதிப் பழகியது. ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் மளிகைச் சாமான் பட்டியல் எழுதினேன். முதல் வரி திருத்தமாக இருந்தது. கீழே போகப் போக எழுத்து சுருங்கி, கடைசி வரி எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிட்டது. “இது சீரகமா, சோம்பா?” என்று கேட்டாள் மனைவி. அதற்கு வெகு முன்பே, இங்கே சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பூக்கடைகளைத் தாண்டும்போது மல்லிகை வாசம் எனக்குத் தெரியாமல் போயிருந்தது. வாசனை மங்குவது, மலச்சிக்கல், தூக்கத்தில் கத்திக் கை காலை உதறுவது எல்லாம் சிலருக்குப் பல வருஷம் முன்னாலேயே வருமாம். மூளையில் டோபமின் சுரக்கும் செல்கள் சத்தமில்லாமல் குறைந்துகொண்டே வந்து, பெரும்பகுதி போன பிறகுதான் நடையிலும் கையிலும் தெரிகிறது.

சுவா சூ காங்கில் எங்கள் புளோக்கிலும் பக்கத்துப் புளோக்குகளிலுமாக இந்த நோயோடு இன்னும் இரண்டு பேர் எனக்குப் பழக்கம். சீன அங்கிளுக்கு வலது கையில் நடுக்கம். மேசைமேல் சும்மா வைத்திருந்தால் விரல்கள் உருட்டிக்கொண்டே இருக்கும். கோப்பியை எடுக்கக் கையை நீட்டியதும் அடங்கிவிடும். மக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் மலாய் அம்மாவுக்குக் கை கல்லாட்டம் நிற்கும், ஆனால் மின்தூக்கி வாசலில் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். அவர் மகன் வீட்டு வாசலில் கலர் டேப்பைக் கோடுகோடாக ஒட்டிவைத்திருக்கிறார். கோட்டைத் தாண்டுவதாக நினைத்துக் காலைத் தூக்கினால் நடை வந்துவிடுகிறது. 2004-ல் வெளியான சிங்கப்பூர் ஆய்வு ஒன்று, 50 வயதைத் தாண்டியவர்களில் 1,000 பேருக்குச் சுமார் 3 பேர் வீதம் இந்த நோய் இருப்பதாகவும், சீனர், மலாய்க்காரர், இந்தியர் மூவருக்கும் அதில் பெரிய வித்தியாசம் இல்லை என்றும் சொன்னது. நாங்கள் மூவரும் கோப்பிக்கடையில் ஒன்றாக உட்காரும்போது அது நினைவுக்கு வரும். வருவது ஒரே அளவில். வந்த பிறகு ஒவ்வொருவர் உடம்பிலும் வேறு வேறு.

ஒன்றை மட்டும் வெளியார் கவனிப்பதே இல்லை. முகம். தங்கை மகள் கல்யாணத்தில் முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். தாலி கட்டினபோது எனக்குள் எவ்வளவு சந்தோஷம்! முகத்துத் தசை ஒத்துழைக்கவில்லை. மாமாவுக்கு மாப்பிள்ளை பிடிக்கவில்லை போல என்று சம்பந்தி வீட்டில் பேச்சு கிளம்பிவிட்டது. தங்கை கண் கலங்கிப்போனாள். கல்யாணப் பெண்ணே மாலையோடு இறங்கிவந்து, “மாமா, எங்கமேல ஏதும் வருத்தமா?” என்று கேட்டாள். எனக்கு அப்போது குரலும் சன்னமாகிவிட்டிருந்தது. இல்லையம்மா என்றது அவள் காதில் விழுந்ததோ என்னவோ, என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். போட்டோக்காரர் கூப்பிடக் கூப்பிட எழுந்திருக்கவில்லை. மாத்திரை வேலைசெய்ய ஆரம்பித்ததும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. அந்தப் பிள்ளை காத்திருந்ததை நான் மறக்கமாட்டேன்.

மாத்திரைக்கும் ஆளுக்கொரு கணக்கு. லெவோடோபா மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட்டால் எனக்கு நன்றாக ஏறுகிறது. பருப்பு, முட்டை, இறைச்சியோடு சேர்த்துப் போட்டால் புரதம் குறுக்கே நிற்கிறது. அங்கிளுக்கு மருந்து உச்சத்தில் இருக்கும்போது உடம்பு நெளிந்து ஆடும். பார்க்கிறவர்கள் நோய் முற்றிவிட்டது என்கிறார்கள். அது மருந்தின் விளைவு, மருத்துவரிடம் சொன்னால் அளவை மாற்றித்தருவார். ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் அன்போடு பூனைக்காலிப் பொடி கொண்டுவருவார்கள். அந்த விதையில் இருப்பதும் இதே லெவோடோபாதான். மருத்துவருக்குச் சொல்லாமல் மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் அளவு தப்பிவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். “அவருக்கு மூளையில் கருவி வைத்தார்கள், நீங்களும் வைக்கலாமே” என்பவர்களிடமும் சொல்கிறேன், அந்தச் சிகிச்சை எல்லாருக்கும் ஏற்றதில்லை.

இந்த ஊரில் சாலை கடக்கும் இடங்கள் சிலவற்றில் மூத்தோர் தங்கள் அட்டையைக் கம்பத்தில் தட்டினால் பச்சை மனிதன் சில விநாடி கூடுதலாக நிற்பான். 2009-ல் வந்த ஏற்பாடு. விளக்குக்கே அந்தப் பொறுமையைக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். மனிதர்களிடம் நான் கேட்பதும் அந்தச் சில விநாடிதான். மின்தூக்கி வாசலில் வயசானவர் ஒருவர் கால் எழாமல் நின்றால், கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார். கதவுப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, “மெதுவா வாங்க” என்று சொல்லுங்கள். உள்ளே வந்த பிறகு அவர் முகம் சிரிக்காவிட்டாலும் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.