முனை ஒடிந்தது எப்போது?

ஜெயங்கொண்டத்திலிருந்து உடையார்பாளையம் போகும் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். முந்திரிக் காடு, செம்மண், நடுநடுவே உழுது போட்ட கொல்லைகள். ஒரு நல்ல மழை பெய்தால் போதும், மண் கரைந்து கல்லெல்லாம் தலை தூக்கிவிடும்.

அப்படிப் பொறுக்கியதை ஒரு பெரியவர் பிஸ்கட் டப்பாவிலிருந்து எடுத்துக் காட்டினார். கட்டைவிரல் நீளம், இலை வடிவம், செம்பழுப்பு நிறம். நுனி மட்டும் மிஸ்ஸிங்.

"ராஜேந்திர சோழன் படையோட அம்பு தம்பி. சண்டையில ஒடஞ்சிருக்கு."

கங்கைகொண்ட சோழபுரம் பக்கத்தில் இருப்பதால் வந்த ஆசை! ராஜேந்திரன் பட்டத்துக்கு வந்தது 1014-ல். அதற்குப் பல நூற்றாண்டு முன்பே இங்கே இரும்பு வந்தாச்சு. கல் அம்போடு கங்கைக்குப் படை கிளம்பியிருந்தால் பாதி வழியிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். கல் முனை என்றால் அது வேட்டையாடிப் பிழைத்தவர்கள் காலத்துச் சமாசாரம். தூத்துக்குடி பக்கத்துத் தேரி மணலில் கிடைத்த குட்டிக் குட்டிக் கல் கருவிகளைப் பற்றி சாய்னர், ஆல்சின் என்ற இருவர் 1956-லேயே விலாவாரியாக எழுதியிருக்கிறார்கள்.

இது செதுக்கிய கல் மாதிரிதான் தெரிந்தது. முடிவைத் தொல்லியல்காரர்கள் சொல்லட்டும். ஆனால் ஒடிந்தது எப்போது என்பதை நீங்களும் நானுமே ஓரளவு பார்த்துவிடலாம். மண்ணில் கிடக்கக் கிடக்கக் கல்லின் மேல்தோல் நிறம் மாறும். பழைய உடைசல் என்றால் உடைந்த வாயிலும் அதே நிறம் ஏறியிருக்கும். புதுசு என்றால் உள்சதை பளிச். ஒன்பது கொழுக் கலப்பை உரசியிருந்தால் சில சமயம் துருக்கோடுகூடத் தெரியும். எலும்பில் குத்தி ஒடிந்ததென்றால் நுனியிலிருந்து கீழ்நோக்கி ஒரு செதில் உரிந்திருக்க வாய்ப்புண்டு.

பெரியவர் கல்லில் ஒடிந்த இடம் வெள்ளை வெளேர். டிராக்டர் கைங்கரியம்!

சொன்னேன். ஆள் அசரவில்லை.

"அப்ப மீதி மூக்கு நம்ம கொல்லையிலதான் கெடக்குதுங்கிறீங்க?"

பேரன் அதைச் சாணை பிடித்துப் புது முனை வைப்பதாக இருந்தானாம். ஐயையோ! சாணை என்ன, பிரஷ் போட்டு அழுத்தித் தேய்த்தாலே பாதி சாட்சி காலி.

மண்ணில் புதைந்து கிடைத்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் கலெக்டருக்குத் தகவல் தரவேண்டும் என்கிறது 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம். (10 ரூபாய்க்கு இன்றைக்கு ஒரு நல்ல டீ வருமா?) எங்கே, என்றைக்குக் கிடைத்தது என்றும் எழுதவேண்டும். தேதிக்கு எங்கே போவது என்று நான் இழுத்தேன்.

"கடலை வெதைக்க உழுதமே, அதுக்கு மறுநா. வெள்ளிக்கெழம" என்றார் பெரியவர், யோசிக்காமல்.