இருவகை முடிச்சு

ஈராண்டுகளுக்கு முன், மாசி மாதத்தில் ஒரு நாள், காலைத் திருப்பலி முடிந்ததும் எங்கள் பங்கைச் சேர்ந்த முதிய உழவர் ஒருவர் பிடுங்கிய கத்தரிச் செடியுடன் என்னிடம் வந்தார். "சாமி, உச்சிவேளையில் செடிகளெல்லாம் வாடித் தொங்குகின்றன. தண்ணீருக்குக் குறைவில்லை. இந்த வேரைப் பாருங்கள்" என்றார்.

வேரெங்கும் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது. பள்ளியில் படித்த பாடம் என் நினைவுக்கு வந்தது. "அஞ்சாதீர்கள் பெரியவரே, தழைச்சத்தைச் சேர்த்துத் தரும் நல்ல முடிச்சுகள் இவை" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவரும் என் சொல்லை நம்பி வாளாவிருந்தார். ஆடியில் அதே நிலத்தில் நட்ட தக்காளியும் வீணாயிற்று.

வேளாண் கல்லூரியில் பயிலும் அவருடைய பேத்தி கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. பயற்றுச் செடியின் முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும். விரலால் தேய்த்தால் உதிரும். கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாகத் தோன்றும். இதுவோ வேரே வீங்கிய வீக்கம், உதிராது. உள்ளிருப்பது வேர்முடிச்சு நூற்புழு. பெண் புழு ஒன்று நூற்றுக்கணக்கான முட்டைகளை இடும். வெப்பமான மண்ணில் ஏறத்தாழ ஒரு மாதத்திற்குள் அடுத்த தலைமுறை தோன்றிவிடும். நன்மைக்கும் தீமைக்கும் 'வேர்முடிச்சு' என்ற ஒரே பெயர் வழங்குவது என்னை ஏமாற்றிவிட்டது.

பல ஆண்டுகளாக இரசாயனம் இடாத நிலம் அது. மனம் நொந்த பெரியவர் நஞ்சு வாங்கப் புறப்பட்டார். பேத்தி தடுத்தாள். டி.பி.சி.பி. என்னும் நூற்புழுக்கொல்லியைத் தயாரித்த அமெரிக்க ஆலைத் தொழிலாளர் பலர் மகப்பேற்று ஆற்றலை இழந்த செய்தி 1977-இல் வெளிவந்ததை அவள் எடுத்துச் சொன்னாள்.

புழுவுக்குப் பகை மண்ணிலேயே உண்டு. பர்புரியோசில்லியம் லிலாசினம் என்னும் பூஞ்சை, புழுவின் முட்டைகளைத் துளைத்து உண்கிறது. பெரு நாட்டில் உருளைக்கிழங்குப் பயிரில் இதன் பயனைக் கண்டவர்கள் அதனை 1979-இல் வெளியிட்டனர். செண்டுமல்லியின் வேரில் ஊறும் பொருளும் புழுவைக் கொல்லும். ஆனால் வரப்போரம் நான்கு செடி வைத்தால் போதாது. நிலம் முழுதும் பயிரிட்டு, இரண்டு மூன்று மாதங்களுக்குப் பின் மடக்கி உழ வேண்டும்.

பெரியவர் அவ்வாறே செய்தார். காய்கறி வருவாய் ஒரு பருவம் நின்றது. செண்டுமல்லிப் பூ ஓரளவு கைகொடுத்தது. பின்னர் வேப்பம் பிண்ணாக்கும், மக்கிய தொழுவுரத்தில் கலந்த பூஞ்சையும் இட்டு, முடிச்சில்லாத நாற்றுகளையே தேர்ந்து நட்டார்.

நான் அவர் இல்லம் சென்று என் பிழையை ஒப்புக்கொண்டேன். "பூசையைப் பற்றிக் கேட்க வேண்டியவரிடம் புழுவைப் பற்றிக் கேட்டது என் தவறுதான், சாமி" என்று சிரித்தார். என்னால் சிரிக்க இயலவில்லை. அவர் இழந்தது இரண்டு பருவ விளைச்சல் அன்றோ!

இவ்வாண்டு அவர் மீண்டும் ஒரு கத்தரிச் செடியைப் பிடுங்கி வந்து காட்டினார். முடிச்சுகள் இருந்தன, எண்ணிவிடலாம், அவ்வளவே. புழு அடியோடு அழியவில்லை, அடங்கியிருக்கிறது. இப்போது எவரேனும் செடியுடன் என்னிடம் வந்தால், "எனக்குத் தெரியாது, தெரிந்தவரிடம் செல்வோம், வாருங்கள்" என்று உடன் செல்கிறேன்.