கடலும் வேலியும்

மாணவன் ஒருவன் தன் சக மாணவனுக்குக் கூறும் தேறுதல் மொழிக்குத் தனியானதொரு வலிமை உண்டு. ஆசிரியர் கூறினால் அது அறிவுரை. பெற்றோர் கூறினால் கட்டளை. குருவானவர் கூறினால் பிரசங்கம். பரீட்சைப் பயத்தையும் வீட்டு வறுமையையும் நாளையைப் பற்றிய கலக்கத்தையும் தன்னைப் போலவே சுமக்கும் ஒருவன் அருகில் வந்தமர்ந்து, “அஞ்சாதே, கடவுள் எம்மைக் கைவிடார், எழுந்து வா, செய்யவேண்டியதைச் செய்வோம்” என்று கூறும்போது, சொல்பவனுக்கும் கேட்பவனுக்கும் இடையே மேடையென ஒன்று இருப்பதில்லை. கிறிஸ்தவ மாணவர் வட்டங்களின் வரலாற்றை நோக்குமிடத்து இவ்வலிமையே முதற்கண் எமக்குப் புலப்படுகின்றது.

நாம் அச்சமயத்தைச் சார்ந்தவரல்லேம். எமது முற்போக்கு நண்பர்கள் சிலர், “பிள்ளைகள் கூடிச் செபிப்பதால் சமுதாயத்துக்கு ஆகப்போவது யாது?” என்று வினவுவதுண்டு. வினா நியாயமானதே. ஆயின் அதற்குரிய விடையை வரலாற்றிலே தேடவேண்டுமேயன்றி, விடையை முன்னரே முடிவுசெய்துகொண்டு வினவுதல் ஆய்வறிவுடையோர்க்கு அழகன்று. அதிலும், யாழ்ப்பாணத்துப் பள்ளிகளிலே எழுத்தறிவு பெற்ற நம்மவர் இவ்வினாவை எழுப்புமுன் ஒரு செய்தியை அறிந்திருத்தல் நன்று.

1806ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள வில்லியம்ஸ் கல்லூரியின் மாணவர் ஐவர் வெளியிலே கூடிச் செபிக்கச் சென்றனர். இடியும் மழையும் அவர்களை விரட்டின. வைக்கோற்போர் ஒன்றின் மறைவில் ஒதுங்கிய அவர்கள், ஆசியாவின் மக்களுக்குத் தாம் செய்யவேண்டியது யாது என்று பேசிக்கொண்டனர். சாமுவேல் மில்ஸ் என்ற மாணவர், மனம்வைத்தால் நம்மால் இயலும் என்று ஏனையோரை ஊக்கினார். ஐவருள் ஒருவர் அதற்கு இசையவில்லை. அங்கு பணமும் இல்லை, அதிகாரமும் இல்லை. பேராசிரியர் எவரும் இல்லை. நனைந்த ஆடையுடன் இருந்த ஐந்து இளைஞரே இருந்தனர். ஆயினும் அப்பேச்சு வளர்ந்தது. 1808இல் மாணவர் சங்கமொன்று இரகசியமாக உருவாயிற்று. 1810இல் அமெரிக்க மிஷன் சபை தோன்றிற்று. அவ்வைவருள் ஒருவரான ஜேம்ஸ் றிச்சர்ட்ஸ் 1815இல் கப்பலேறி, 1816இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மருத்துவமும் கற்றவர் அவர். நோயினால் மெலிந்து, நாற்பது வயதை எட்டுமுன், 1822இல் இம்மண்ணிலேயே மறைந்தார்.

அதன் பின் நிகழ்ந்தவற்றைத் தமிழ் மாணவர் அறிவர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி, 1824இல் உடுவிலிற் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை, 1841இல் ‘உதயதாரகை’, 1847இல் வந்த கிறீன் வைத்தியர் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த பெருமுயற்சி, 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி. பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சிலேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை வட்டுக்கோட்டையிற் பயின்றவர் என்பதை எவர் மறப்பர்? வைக்கோற்போரின் அடியில் ஒருவரையொருவர் தேற்றிய ஐவரின் சொல், அவர்கள் கனவிலும் கருதாத வழிகளில் எமது மொழி வரலாற்றினுள்ளும் புகுந்துவிட்டது.

எனினும் நன்றியுணர்வு எமது கண்ணை மறைத்தலாகாது. அவ்விளைஞர் ஆசியாவை இருள் சூழ்ந்த நிலமாகவே கண்டனர். அவ்விருளிலே தொல்காப்பியமும் திருக்குறளும் இருந்தன என்பதை அவர்கள் அறியார். தொண்டு செய்ய வந்தோர், பெறுவோரினும் தாம் உயர்ந்தோர் என்ற எண்ணத்தையும் உடன்கொண்டே வந்தனர். ஏகாதிபத்தியத்தின் நிழலும் அவர்கள்மீது படிந்திருந்தது. அவர்களிடம் கற்ற நம்மவரோ, ஆங்கிலத்தை அரசாங்க உத்தியோகத்துக்கு ஏணியாக்கிக்கொண்டனர். பிரசங்கிகளை எதிர்பார்த்த மிஷன் உத்தியோகத்தரையே மிகுதியாகக் கண்டது. 1855இல் செமினரி மூடப்பட்டது. மேலிருந்து ஊட்டப்படும் விசுவாசம், கீழிருப்போனுக்கு மேலே ஏறும் வழியாக மட்டுமே தோன்றுவதில் வியப்பில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைமை சற்று மாறுகின்றது. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ மாணவர் தாமே ஒன்றுகூடி, தாமே காசு சேர்த்து, கடலுக்கு அப்பால் தமிழகத்தின் தொண்டிக் கரைக்குத் தொண்டரை அனுப்பினர். 1902இல் இங்கு வந்த திருநெல்வேலித் தமிழரான அசரியா, யாழ்ப்பாணத்தார் வெள்ளையரை எதிர்பாராது தாமே இத்தகைய பணியை நடத்துவதை அறிந்து உள்ளங் கிளர்ந்தார். ஊர் திரும்பியதும் 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரிச் சங்கம் உருவாவதற்கு முன்னின்றார். அவரே 1910இல் எடின்பரோ மாநாட்டில் எழுந்து, மேனாட்டு மிஷனரிமார் செய்த தியாகங்களை மதித்துப் பேசியபின், தியாகம் மட்டும் போதாது, எம்மை நண்பராக ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்துப்படக் கேட்டவர். கொடுப்போனும் பெறுவோனும் ஒரே மேசையில் அமரவேண்டும் என்பதே அவ்வேண்டுகோளின் சாரம். அவையிலிருந்தோர் பலருக்கு அது கசந்தது என்பர்.

அந்த வேண்டுகோளை யாழ்ப்பாணத்தின் மீதே திருப்பிப் பார்த்தால் என்ன தெரிகின்றது? தொண்டிக்குத் தொண்டரை அனுப்பிய அதே யாழ்ப்பாணத்தில், பஞ்சமர் என ஒதுக்கப்பட்டோரின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலே வாங்கில் இருக்க இயலாது, தரையிலே இருந்தனர். பல பள்ளிகளின் வாசலையே அவர்கள் மிதிக்க இயலாது. தேவாலயங்களும் சாதியின் தீட்டிலிருந்து முற்றாக விடுபட்டிருக்கவில்லை. கடலைக் கடப்பது கடினந்தான். ஆனால், அடுத்த வளவின் கிடுகு வேலியைக் கடப்பது அதனினும் கடினம். கடலைக் கடப்பவனை ஊர் மாலையிட்டு வழியனுப்புகின்றது. வேலியைக் கடப்பவனை ஊர் விலக்கி வைக்கின்றது.

இவ்வுண்மையை எதிர்கொள்ளத் துணிந்த தலைமுறையொன்று 1924இல் தோன்றிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸிலே எழுந்தது. பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்ற அவ்வியக்கத்தில் கிறிஸ்தவ இளைஞரும் சைவ இளைஞரும் தோளோடு தோள் நின்றனர். 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்கள் அவர்களே. நாட்டு விடுதலையோடு தீண்டாமை ஒழிப்பையும் தாய்மொழிக் கல்வியையும் தம் இலட்சியங்களாகக் கொண்டனர். பள்ளிகளிற் சம ஆசனம் வேண்டுமென்ற கோரிக்கைக்குத் துணைநின்றனர். 1930ஆம் ஆண்டளவில் அச்சமத்துவத்தைப் பொறுக்காதோர் பள்ளிக்கூடங்களுக்கே தீயிட்டனர் என்பதை எண்ணும்போது, ஒரு வாங்கிற் பக்கத்தில் இருப்பது எத்துணைப் பெரிய காரியமாக இருந்தது என்பது விளங்கும். அவ்வியக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரான ஹன்டி பேரின்பநாயகம் கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்தவர்; யாழ்ப்பாணக் கல்லூரியிற் கற்பித்தவர்; பிற்காலத்திற் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராகப் பணிபுரிந்தவர். ஒருவருடைய தொண்டு தன் சபையின் சுவர்களுக்குள் அடங்கவேண்டியதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இவையெல்லாம் பழங்கதை என்று கூறுவாருமுளர். அன்னாருக்காக, நாம் அண்மையிற் கண்டதொன்றை ஈண்டுக் கூறுதல் பொருத்தமாகும்.

நாம் கற்பிக்கும் பாடசாலையிற் கிறிஸ்தவ மாணவர் பத்துப் பன்னிருவர் வெள்ளிதோறும் பாடசாலை விட்டபின் ஒரு வகுப்பறையிற் கூடுவர். பல சபைகளைச் சேர்ந்த பிள்ளைகள். பாட்டும் செபமும், பின்னர் ஒருவர்க்கொருவர் துணையாகப் பாடக்குறிப்புப் பகிர்தலும் அவர்களின் வழக்கம். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் எண்ணெயும் அரிசியும் அரிதாகிய நாட்களில், காலையில் உண்ணாது வரும் பிள்ளைகள் யார் யார் என்பதை எம்மிலும் நன்கறிந்திருந்தவர்கள் அவர்களே. சமயம் பாராது, எவரும் அறியாவண்ணம் தம் பொதியைப் பகிர்ந்தனர்.

ஞாயிறு மாலைகளில் அவர்கள் முறைவைத்து ஒவ்வொருவர் வீட்டிலும் கூடுவதுண்டு. ஒரு வீட்டில் எல்லோருக்கும் கண்ணாடிக் கிளாசிலே தேநீர் வந்தது. உயர்தர வகுப்பு மாணவி ஒருத்திக்கு மட்டும் கடதாசிக் கோப்பையில் வந்தது. ஊரார் ஒதுக்கிவைக்கும் குறிச்சியிலிருந்து வருபவள் அவள். எவரும் எதுவும் பேசவில்லை. நேற்றைய சிரட்டை இன்று கடதாசியாகி வந்திருக்கின்றது என்பது அவளுக்கு மட்டுமன்றி எல்லோருக்கும் விளங்கிற்று. அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை.

அன்று நடந்ததைப் பிள்ளைகளே பின்னர் எமக்குக் கூறினர். அவளுக்காகச் செபிப்போம் என்றனர் சிலர். அதிகம் பேசாத மாணவன் ஒருவன் குறுக்கிட்டான்: “செபிப்பம். ஆனால் ஆற்றை வீட்டிலை இருந்து செபிக்கிறது எண்டதை முதல்லை முடிவெடுப்பம்.” மறுநாள் இருவர் சென்று அவளிடமே அனுமதி கேட்டனர். அவள் உடனே இசையவில்லை. இரண்டு நாள் கழித்தே தலையசைத்தாள். அந்த ஞாயிறு அவர்கள் அவள் வீட்டு முற்றத்திற் பாய்விரித்து இருந்தனர். தாயார் அடுப்படியில் நின்றபடியே, “பிள்ளையள், எங்கடை வீட்டிலை தேத்தண்ணி குடிப்பியளோ?” என்று கேட்டாராம். அவர்கள் குடித்தனர். மறுவாரமும் அங்கேயே கூடினர்.

இதன் விலையை அவர்கள் செலுத்தாமலில்லை. இருவரைப் பெற்றோர் மறித்தனர். மூத்தவர் ஒருவர் எம்மிடமே வந்து, பிள்ளைகளுக்கு அரசியல் ஊட்டுவது யார் என்று கேட்டார். மறிக்கப்பட்ட இருவருள் ஒருத்தி, எங்கே போகின்றேன் என்பதைத் தாய் தந்தையருக்கு வெளிப்படையாகச் சொல்லிவிட்டே மீண்டு வந்தாள். மற்றவன் இன்றுவரை வரவில்லை. அம்மாணவி தொடர்ந்து வந்தாள், பரீட்சையும் எழுதினாள். ஊர் மாறிவிட்டது என்று நாம் கூறமாட்டோம். ஒரு முற்றம் மாறிற்று; அவ்வளவே.

எமக்கு வியப்பளித்தது அப்பிள்ளைகளின் துணிவன்று. அத்துணிவு பிறந்த இடமே. அவர்கள் வர்க்கப் போராட்டத்தைப் பற்றி ஒரு துண்டுப் பிரசுரமேனும் படித்தவரல்லர். சமத்துவத்தைப் பற்றி நாம் வகுப்பிலே ஆற்றிய சொற்பொழிவுகளும் அவர்களை அம்முற்றத்துக்கு இட்டுச்செல்லவில்லை. தாம் வணங்கும் கடவுள் அந்த வீட்டிலும் இருப்பார் என்று அவர்கள் மெய்யாகவே நம்பினர்; அந்நம்பிக்கையை ஒருவர்க்கொருவர் சொல்லிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டனர். தனித்தனியே இருந்திருப்பின் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டாருக்கு அஞ்சியிருப்பர். கடவுளை நம்புதல் என்ற சொல்லின் நடைமுறைப் பொருள் ஊரின் வாய்க்கு அஞ்சாமை என்பதை அவர்கள் எமக்குக் காட்டினர். தொண்டு என்பதற்கும் அவர்கள் கண்ட பொருள் வேறு. அவ்வீட்டுக்கு அவர்கள் அரிசி மூட்டை கொண்டு செல்லவில்லை. அவ்வீட்டார் கொடுத்த தேநீரை வாங்கிக் குடித்தனர். கொடுப்பதிலும் பெற்றுக்கொள்வது சில வேளைகளிற் பெரிய தொண்டாகின்றது. ஏனெனில், கொடுப்பவன் மேலேயே நிற்கலாம், வாங்கி உண்பவன் அருகில் இருந்தே ஆகவேண்டும்.

முற்போக்காளராகிய நமக்கு இதிலொரு பாடம் உண்டு. மதம் மக்களை மயக்குவதுண்டு; அதனை நாம் மறுக்கவில்லை. சாதியைப் பேணும் மதத்தை நாம் தொடர்ந்து எதிர்த்தே தீரவேண்டும். ஆனால், சமத்துவம் பேசும் நம் சங்கங்களின் அங்கத்தவர் எத்தனை பேர் எத்தனை முற்றங்களில் இருந்து தேநீர் அருந்தியிருக்கின்றனர் என்று கணக்கெடுத்தால், அக்கணக்கு நமக்குப் பெருமை தருமா என்பது ஐயமே. கொள்கையைச் சொல்லிக்கொடுக்கும் வகுப்புகள் நம்மிடம் உண்டு. அஞ்சி நிற்கும் தோழனை அருகிருந்து தேற்றி வேலிக்கப்பால் அழைத்துச் செல்லும் சிறு வட்டங்கள் குறைவு.

கிறிஸ்தவ மாணவருக்கும் ஒரு சொல் உண்டு. உங்கள் முன்னோர் கடல் கடந்து வந்த கதையும் கடல் கடந்து சென்ற கதையும் பெருமைக்குரியவை. அவற்றை ஆண்டுவிழாக்களில் நினைவுகூர்வதில் தவறில்லை. ஆனால், உங்கள் வட்டத்தின் உயிர் அவ்விழாக்களில் இல்லை. “நம்பு, தொண்டு செய்” என்று நண்பனுக்குச் சொல்லும்போது, எவருடைய வீட்டில் இருந்து சொல்கின்றீர்கள் என்று அப்பேசாமடந்தையான மாணவன் கேட்ட கேள்வியை நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆசிரியராகிய நாம் செய்யக்கூடியது ஒன்றே. அக்கேள்வியைக் கேட்கும் பிள்ளையை மறிக்க ஊரார் வரும்போது, அப்பிள்ளையின் பக்கத்தில் நாம் நிற்கவேண்டும்.