காலடியை நனைக்கும் நாய்

நாய் வளர்ப்போரிற் பலர் இதனைக் கண்டிருப்பர். வீட்டுத் தலைவர் வேலை முடிந்து வந்து படலையைத் திறக்கிறார். நாய் ஓடி வருகிறது. ஆயினும் பாய்ந்து விளையாடுவதில்லை. காதுகளைப் பின்னே மடித்து, உடலைத் தாழ்த்தி, நெளிந்து நெளிந்து அணுகுகிறது. அவர் குனிந்து தலையைத் தடவக் கையை நீட்டியதும் மல்லாந்து விழுந்து வயிற்றைக் காட்டுகிறது. உடனே சிறிது சிறுநீரும் கழிந்துவிடுகிறது. “இத்தனை மாதமாகியும் பழக்கம் வரவில்லையே!” என்று அவர் அதட்டுகிறார். மறுநாள் நிலம் இன்னும் அதிகமாக நனைகிறது.

எமது வீட்டு வீமனும் இந்த வகையைச் சேர்ந்தவனே. பெயர் வைத்தவர்கள் பிள்ளைகள். பெயருக்கும் அவன் நெஞ்சுக்கும் எவ்வித உறவும் இல்லை. எல்லாரிலும் மேலாக அவன் அஞ்சியது எமது பெரியப்பாவுக்கு. நெடிய உருவம், வெண்கலக் குரல், கையிலே குடை. அவர் விறாந்தையிற் காலடி வைத்ததும் வீமன் விழுந்து வணங்குவான். அவருடைய வேட்டிக் கரை நனைந்துவிடும். மூன்றாம் முறை நனைந்தபோது அவர் பொறுமை இழந்தார். “தம்பி, இது திருந்தாத சென்மம். கொண்டுபோய்ச் சந்தையடியில் விட்டுவிடு. நான் வேறொரு நல்ல குட்டி தருகிறேன்” என்றார். சந்தையடியில் விடப்பட்ட நாய்களின் கதியைப் பிள்ளைகள் நாள்தோறும் பாடசாலை செல்லும் வழியிற் காண்பவர்கள். அன்றிரவு அவர்கள் சோறு உண்ணவில்லை. பெரியவர் சொல்லைத் தட்டுவதும் எமது வீட்டு வழக்கமன்று. ஆகவே ஒரு மாதத் தவணை கேட்டு வாங்கிக்கொண்டு, வீமனை மிருக வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம்.

அவர் முதலிற் சிறுநீரைச் சோதித்தார். உறக்கத்திற் கசிதல், அடிக்கடி முக்குதல், அளவுக்கு மிஞ்சி நீர் குடித்தல் ஆகியவை இருப்பின் அது நோயாகலாம். வீமனிடம் அவை இல்லை. மனிதர் அவனை வரவேற்கும்போதும் அதட்டும்போதும் மட்டுமே இது நிகழ்ந்தது. “இது பிடிவாதமுமன்று, பழக்கக் குறைவுமன்று, அவன் பேசும் மொழி” என்றார் வைத்தியர்.

அம்மொழியின் பிறப்பு அறியத்தக்கது. பிறந்த முதல் இரண்டு மூன்று வாரம் நாய்க்குட்டி தானாகச் சிறுநீர் கழிக்க வல்லதன்று. தாய் அதனைப் புரட்டி அடிவயிற்றை நக்கித் தூண்ட வேண்டும். குட்டியும் அசையாது மல்லாந்து கிடக்கும். வளர்ந்த நாய் தன்னின் வலியவர் முன் காட்டும் பணிவுக்கு இக்குட்டிப் பருவ நிலையே வேர் என்று சுவிற்சலாந்து விலங்கியலறிஞர் றுடோல்ப் ஷெங்கல் 1967 இல் எழுதினார். “நான் சிறு குட்டி, எனக்குத் தீங்கு செய்யாதீர்” என்பதே அந்நனைவின் பொருள். அதற்கு விடையாக நாம் அடித்தால், தன் வேண்டுகோள் போதவில்லையென எண்ணி நாய் அதனையே இன்னும் உரக்கச் சொல்லும். சிறுநீரில் நாயின் மூக்கைத் தேய்க்கும் கொடுமை சில வீடுகளில் இன்றும் உண்டு. அதனாற் பயனேதும் விளைவதில்லை.

“பிழை செய்ததை அறிந்தன்றோ திருட்டு முழி முழிக்கிறது?” என்று கேட்பாரும் உளர். அமெரிக்க ஆராய்ச்சியாளர் அலெக்சாந்திரா ஹொரோவிற்ஸ் 2009 இல் 14 நாய்களைக்கொண்டு இதனை ஆராய்ந்தார். விலக்கிய தின்பண்டத்தை நாய் தின்றதா என்பதைப் பொறுத்து அம்முழி தோன்றவில்லை. தலைவர் ஏசினாரா என்பதைப் பொறுத்தே தோன்றியது. தின்னாமலே ஏச்சு வாங்கிய நாய்களிடம் அது மிகுதியாகக் காணப்பட்டதாம்!

வைத்தியர் கூறிய வழிகள் எளியவை, கடைப்பிடிப்பதுதான் அரிது. வீட்டுக்குள் வந்ததும் நாயைச் சில நிமிடம் கவனியாதிருத்தல் வேண்டும். அதன் பரபரப்பு அடங்கியபின், நேர் நின்று குனியாமல், பக்கம் திரும்பி அமர வேண்டும். கண்ணுக்குள் உற்றுப் பார்த்தல் கூடாது. தலைக்கு மேலாகக் கை நீட்டாமல், மோவாயின் கீழோ மார்பிலோ மெல்லத் தடவுதல் நன்று. இயன்றவரை வரவேற்பு முற்றத்தில் நிகழட்டும். நனைந்துவிட்டால் ஒரு சொல்லும் சொல்லாது துடைத்துவிட வேண்டும். “ஐயோ பாவம்” என்று கொஞ்சுவதும் வேண்டாம். பிள்ளைகள் இவற்றை மூன்றே நாளிற் பழகிக்கொண்டார்கள். பெரியவர்களுக்குத்தான் நாள் சென்றது.

பெரியப்பாவிடம் சொல்வது எவ்வாறு? “நாய்க்கு நான் மரியாதை பழக வேண்டுமோ?” என்று சிரித்தார். ஆயினும் பேரப்பிள்ளைகள் கெஞ்சியபோது இணங்கினார். குடையை வெளியே சாத்திவிட்டு, சாய்மனைக் கதிரையிற் பக்கம் திரும்பி அமர்ந்து, பத்திரிகையை விரித்தார். சின்னவள் கொடுத்த விசுக்கோத்துத் துண்டு ஒன்றைப் பாராதவர்போற் கீழே நழுவவிட்டார். முதல் நாள் வீமன் வாசலைத் தாண்டவில்லை. நான்காம் வருகையின்போது விசுக்கோத்தை எடுத்துக்கொண்டு ஓடினான். தவணை முடிவதற்கு இரண்டு நாள் முன்னர் அவர் காலருகே படுத்துக்கொண்டான், வேட்டி நனையவில்லை. தவணையைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நாமும் நினைவூட்டவில்லை.

பெரும்பாலான குட்டிகள் வளர வளர இதனை விட்டுவிடும். அடிபட்டு வளர்ந்தவற்றுக்கு நாள் கூடும். வீமனுக்கு இப்போது ஒன்றரை வயது. விறாந்தை மூலையில் ஒரு பழந்துணி இன்னும் கிடக்கிறது. சென்ற மாதம் தபாற்காரர் பொதியொன்று கொண்டுவந்து பலமாகக் கூப்பிட்டபோது அது தேவைப்பட்டது. “அவனைப் பாராமல் நில்லும் ஐயா” என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தவர் பெரியப்பா.