மண்டகள்ளிக்கு எத்தனை தூரம்?

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து மைசூர் மண்டகள்ளி விமான நிலையம் வரையில் வரைபடத்தின்மீது ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது காஞ்சிபுரத்தையும் ஆற்காட்டையும் ஒட்டிச் சென்று, கிருஷ்ணகிரியைத் தொட்டு, மளவள்ளிப் பக்கமாக மைசூர்ச் சீமைக்குள் இறங்கும். அதன் நீளம் சுமார் 390 கிலோமீட்டர். ரயிலோ, அந்நூலுக்கு 60 கிலோமீட்டர் வடக்கே ஒதுங்கி நிற்கும் பெங்களூரைத் தரிசிக்காமல் மைசூர் போவதில்லை என்று விரதம் பூண்டிருப்பதால், அதே பிரயாணத்துக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர் ஓட வேண்டியிருக்கிறது.

மண்டகள்ளியின் ஓடுபாதை 1,740 மீட்டரே ஆகையால், பெரிய ஜெட் விமானங்களுக்கு அங்கே இடமில்லை. எழுபது பேர் அமரக்கூடிய, இறக்கைகளில் விசிறி சுழலும் ஏ.டி.ஆர். விமானமே வந்து போகிறது. அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவு என்று கொண்டு வகுத்துப் பார்த்தால், முக்கால் மணிக்குச் சற்று அதிகம் போதும். ஆயினும் கால அட்டவணை ஒன்றேகால் மணிக்குக் குறையாமல் சொல்வதன் காரணம், அது சக்கரம் நகர்வது முதல் சக்கரம் நிற்பது வரையில் கணக்கிடுவதுதான்: தரையில் ஊர்வதும், உயர ஏறுவதும், கடல் மட்டத்துக்கு 700 மீட்டருக்கு மேலிருக்கும் பீடபூமியில் பக்குவமாக இறங்குவதும் அதில் அடக்கம். சோதனைக்காகக் காத்து நிற்பதும், வீட்டிலிருந்து மீனம்பாக்கம் சேர்வதும் எந்த அட்டவணையிலும் ஏறுவதில்லை. அவற்றையும் பிரயாணிதான் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2022 நவம்பர் முதல் ஆறரை மணியில் மைசூர் சேர்க்கும் வந்தே பாரத் ரயிலோடு ஒப்பிட்டால், விமானத்தின் லாபம் நாம் எண்ணியிருந்ததைவிட மெலிந்தே காணப்படும்.

விமானம் எழும்பியதும் ஜன்னல் வழியே பரங்கிமலையைத் தேடினேன். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டண யுத்தத்தில் பங்கேற்ற வில்லியம் லாம்டன், 1802இல் அம்மலைக்கருகேதான் தமது நில அளவைக்கு அடித்தளக் கோட்டை அளந்தார். சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள அக்கோட்டைச் சங்கிலி பிடித்து அளக்க அவருக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் பிடித்தது. அதிலிருந்து முக்கோணத்தின்மேல் முக்கோணமாக அடுக்கி, மைசூர் ராஜ்யத்தை ஊடறுத்து மேற்குக் கடற்கரை வரையில் அவர் சென்ற பின்னரே, இத்தீபகற்பம் அதுவரை எண்ணியிருந்ததைவிடச் சுமார் 40 மைல் குறுகலானது என்பது தெரியவந்தது. நேர்கோட்டுத் தூரம் என்று நாம் இன்று சிரமமின்றிச் சொல்லும் எண்ணுக்குப் பின்னால், வெயிலிலும் காய்ச்சலிலும் குன்று குன்றாக ஏறிய மனிதர்களின் உழைப்பு இருக்கிறது.

நான் சென்றது மாலை விமானம். சென்னைக்கும் மைசூருக்கும் தீர்க்கரேகையில் மூன்றரைப் பாகை வித்தியாசம். பாகைக்கு நான்கு நிமிஷமாக, நாம் ஒரு மணி பறக்கும் இத்தூரத்தைச் சூரியன் 14 நிமிஷத்தில் கடந்துவிடுகிறான். 1906இல் தேசத்துக்கென்று ஒரே நேரம் வகுக்கப்பட்டதால் கடிகாரங்கள் இந்தப் பேதத்தை மறைத்துவிட்டன. ஆனால் மேற்கு நோக்கிப் பறக்கும் மாலைப் பிரயாணிக்கு அந்த 14 நிமிஷமும் பகலோடு சேர்த்து அளிக்கப்படுகிறது. ஆகவே, யாரேனும் என்னிடம் யோசனை கேட்டால், போகும்போது ஆகாய மார்க்கமும் திரும்பும்போது ரயிலுமே உசிதம் என்பேன்; மாலையில் கிழக்கே பறந்தால், கொடுத்த வெளிச்சத்தை வழியிலேயே பிடுங்கிக்கொள்வார்கள்.